ஐஸ்பெட்டி அம்மா

முதலில் அவரை ஐஸ் விற்க வந்தவர் என்றுதான் நினைத்தோம். ஜீப்பை விட்டு இறங்கும்போதே மடியோடு அணைத்தபடி ஒரு சிவப்புப் பெட்டி. அதை யார் கையிலும் தரமாட்டார். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தையைக் கொண்டு வருகிறவள் போல அடியில் ஒரு கை, மேலே ஒரு கை. என் மகள் அப்போது சின்ன வாண்டு. விழுந்தடித்து ஓடிப்போய், "எனக்கு ஒரு குச்சி ஐஸ்" என்று கையை நீட்டிவிட்டாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஐஸ்கட்டி இருந்தது வாஸ்தவம். அதன் நடுவில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள், குழாய்க்குள் ரத்தம். என் மகள் போட்ட கூச்சலில் புளியமரத்துக் காக்காய் எல்லாம் எழும்பிப் பறந்தது.

அடுத்த மாதம் வந்தபோது தோளில் தனியாக ஒரு பிளாஸ்க் தொங்கியது. அதற்குள் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சேமியா ஐஸ். பாதி கரைந்து பாயசம் ஆகியிருந்தது. மகள் அதை டம்ளரில் வாங்கிக் குடித்தாள். அன்றிலிருந்து அவர் எங்கள் ஊருக்கு ஐஸ்பெட்டி அம்மா. பட்டணத்தில் ஆராய்ச்சி செய்கிற டாக்டர், சொந்தப் பெயரும் சொன்னார்தான். யார் கூப்பிட்டோம்?

அவர் டீ குடிப்பதைப் பார்க்க வேண்டும். இந்த டம்ளரிலிருந்து அந்த டம்ளருக்கு, அந்த டம்ளரிலிருந்து இந்த டம்ளருக்கு ஆற்றிக்கொண்டே இருப்பார். டீக்கடைக்காரர், "அம்மா, நான் ஏற்கெனவே ஆத்திட்டேங்க" என்பார். "நீங்க ஆத்துனது போட்டவருக்கு. நான் ஆத்தறது குடிக்கிறவளுக்கு" என்பார் இவர். எல்லாவற்றிலும் இப்படித்தான். கோபத்தோடு வருகிறவர்களை அடக்கமாட்டார், ஆற வைப்பார். அடக்குவது வேறு, ஆற வைப்பது வேறு. மூடி போட்டு அடக்கினால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். பால் காய்ச்சுகிற எல்லோருக்கும் இது தெரியும். மனுஷர்கள் விஷயத்தில்தான் மறந்துபோகிறது.

ஒருநாள் புளியமரத்தடியில் மாத்திரைக்கு நின்ற வரிசையில் இரண்டு பெண்களுக்குச் சண்டை. யார் முன்னால் வந்தது என்று ஆரம்பித்து, யாருடைய மாமனார் யாருடைய வரப்பை வெட்டினார் என்பதுவரை போய்விட்டது. முடியைப் பிடிக்க ஒரு அடி தூரம்தான் பாக்கி. ஐஸ்பெட்டி அம்மா நடுவில் போய் நின்றார். சமாதானம் பேசவில்லை. பெட்டி மூடியைக் கழற்றி, "அக்கா, இந்த ஓரத்த நீங்க கொஞ்சம் புடிங்க. நீங்க அந்தப் பக்கம் புடிங்க. வெயில் உள்ள விழுந்தா எல்லாம் கெட்டுப்போயிடும்" என்றார். இருவரும் மூடியைக் குடை மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவர் குனிந்து குழாய்களை அடுக்கினார், எடுத்தார், மறுபடி அடுக்கினார். ஆளுக்கொரு பக்கம் ஒரே மூடியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் திட்ட முடியும்? கடைசியில் ஒருத்தி, "கை வலிக்குதா அக்கா? எம்பக்கம் தூக்கிக்கறேன்" என்றாள். அப்புறம்தான் அந்தம்மா நிமிர்ந்து, "போதும், குடுங்க" என்றார்.

ரத்தத்தை எதற்கு எடுத்துப் போகிறார் என்று சொல்ல வேண்டுமே. அதற்கு முதலில் என் வீட்டுக்காரர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளில் நடந்தது இது. எங்கள் வீடு தருமபுரிக்கும் தொப்பூருக்கும் நடுவில், பெங்களூர் ரோட்டை ஒட்டி. இப்போது போலப் பெரிய ரோடு இல்லை. எதிரில் ஒரு லாரி வந்தால் இந்த லாரி மண்ணில் இறங்கித்தான் வழி விட வேண்டும். என் வீட்டுக்காரர் அந்த ரோட்டில் லாரி ஓட்டினார். முதலாளி தருமபுரியில் புளி மண்டி வைத்திருந்த ஒரு பாய். புளி ஏற்றிக்கொண்டு சேலம் போவார், பெங்களூர் போவார். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார்.

அவருக்கு வலது முழங்கைக்குக் கீழே ஒரு தேமல் வந்தது. அரிப்பில்லை, வலியில்லை. ஒருநாள், "இன்ஜின் சூடு பட்டுக் கொப்பளமே வந்துருக்குது, எனக்குத் தெரியவே இல்ல பாரு" என்று காட்டினார். நான் வேடிக்கை என்று சிரித்தேன். மாமியார் சிரிக்கவில்லை. முகம் செத்துவிட்டது. அந்த நோய் எங்கள் ஜில்லாவில் அப்போது வீதிக்கு ஒருவருக்காவது இருந்தது. தொழுநோயைத்தான் சொல்கிறேன், பெருநோய் என்பார்கள், அதுவும் குரலை இறக்கித்தான் சொல்வார்கள். அதிர்ஷ்டம் என்னவென்றால், அதைத் தீர்க்கிற புது மாத்திரைகள் வந்த காலமும் அதுவே. மாதம் ஒருநாள் ஜீப் வரும். புளியமரத்தடியில் மேஜை போட்டுப் பெரிய டாக்டர் உட்காருவார். கண்ணெதிரே மாத்திரையை முழுங்க வைத்து, மீதியைக் கையில் கொடுப்பார்.

கிருமி செத்தது. பெரிய டாக்டரே சொன்னார். ஆனால் கிருமி சாகச் சாக, கை கெட ஆரம்பித்தது. தேமல் ரத்தச் சிவப்பாகத் தடித்தது. முழங்கை எலும்புக்குப் பக்கத்தில் நரம்பு வடக்கயிறு மாதிரி வீங்கியது. கையை நகர்த்தினால் கண்ணில் தண்ணீர் வரும். சுண்டுவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பக்கத்து விரலும் அதோடு சேர்ந்துகொண்டது. ஐஸ்பெட்டி அம்மா ஒரு பஸ் டிக்கெட்டை அந்த இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்து, "இறுக்கிப் புடிங்க, நான் இழுக்கறேன்" என்பார். இழுப்பதற்கு முன்னாலேயே டிக்கெட் கீழே விழும்.

வலது கை போனால் ஸ்டியரிங் போச்சு. தொப்பூர் இறக்கத்தில் இடது கை கியருக்கு, வலது கைதான் வண்டிக்கு. பாய் நல்ல மனுஷர். "கை வரட்டும், வண்டி ஒனக்குத்தான். அதுவரைக்கும் வேற ஆள் ஓட்டட்டும்" என்றார். ஆனால் கை வராவிட்டால்? அந்த நரம்பு ரொம்ப நாள் வீங்கியே இருந்தால் செத்துவிடும், விரல் மடங்கி அப்படியே நின்றுவிடும் என்று பெரிய டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

என் மாமியாருக்கு ஒன்று புரியவில்லை. "கிருமி செத்துருச்சுன்னா எதுக்குச் சாமி கை வீங்குது? திருடன் போனப்பறம் யார் வூட்ட ஒடைக்கறது?"

ஐஸ்பெட்டி அம்மா உடனே எங்கள் நாயைப் பார்த்தார். அந்த நாயைப் பற்றி நான் சொல்லவில்லை, இல்லையா? எங்கே ஆரம்பித்தாலும் எனக்கு ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிற பேத்தி கையை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

நாய் பெயர் மணி. காவலுக்கென்று வளர்த்தோம். ஆடு திருட வந்தவனின் வேட்டியை உருவி அனுப்பிய வீரன். ஆனால் என் வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர் ஆயிற்றே. ஒவ்வொரு முறையும் அவரையே கடிக்கப் பாய்ந்தது. சொந்த வீட்டுக்குள் வர அவர் வேலிக்கு வெளியே நின்று, "அடியே, நாயப் புடி" என்று கத்த வேண்டும். மாமியார் கன்னடம் பேசுகிற வீட்டிலிருந்து வந்தவர். நாயைத் திட்டுவதென்றால் கன்னடத்தில்தான் திட்டுவார். அதற்கும் அது அடங்காது. அடித்தால் இன்னும் உறுமும். ஐஸ்பெட்டி அம்மாதான், "அவர் வேர்வைத் துண்ட ஒண்ணு எடுத்து நாய் படுக்கற எடத்துல போடுங்க. தொவைக்காதீங்க" என்றார். போட்டோம். வீட்டுக்காரர் அடுத்த முறை வந்தபோது மணி உறுமியது, மோந்து பார்த்தது, அப்புறம் வாலை ஒரு பக்கமாக ஆட்டியது. ஒருவழியாக உறவு முளைத்தது.

"ஆயா, ரத்தத்துக்குள்ளயும் நாயுங்க இருக்குது" என்றார் ஐஸ்பெட்டி அம்மா மாமியாரிடம். "கிருமிதான் திருடன். நாய் நல்லா வேல செஞ்சிருச்சு, திருடன் காலி. ஆனா வெறி அடங்கல. இப்ப வூட்டு ஆளையே கடிக்குது. நரம்பு அதனால வீங்குது."

"அப்ப நாயக் கொன்னுட வேண்டியதுதான?"

"கொன்னுட்டா அடுத்த திருடன் வந்தா என்ன பண்றது?"

மாமியார் மணியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுலயே சில பேரு இருக்காங்க ஆயா. நாய் மாதிரியே இருப்பாங்க, கடிக்கமாட்டாங்க. மத்த நாய்ங்க கிட்டப் போயி, இது நம்ம ஆளு, போதும் விடு அப்படின்னு சொல்றது அவங்க வேல. எல்லார் ஒடம்புலயும் கொஞ்சம் இருப்பாங்கன்னு நான் நம்பறேன். அவங்களத்தான் இந்தப் பெட்டியில தேடிட்டு இருக்கேன்."

அதனால்தான் நோய் இருக்கிறவர்களின் ரத்தம் மட்டுமில்லாமல், அதே வீட்டில் இருந்தும் நோய் வராத எங்கள் ரத்தத்தையும் கேட்டார். எதற்கு, எவ்வளவு, வலிக்குமா, வேண்டாம் என்றால் கோபம் இல்லை, எல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். எனக்கு எழுத்து வாசனை கிடையாது, கட்டைவிரலைத்தான் வைத்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. நான் சேலத்தைத் தாண்டியதில்லை. என் ரத்தம் ஐஸில் உட்கார்ந்து பட்டணம் போகிறது!

தேடிக் கண்டுபிடித்து என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். வீட்டுக்குள் வந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் காட்டினார். "நீங்க ஒரு சட்டி பாலத் தயிராக்க என்ன பண்றீங்க?"

"ஒரு கரண்டி உறை ஊத்துவேன்."

"அதேதான் தங்கச்சி. ஒருத்தரோட ரத்தத்துல இருந்து அந்தப் போதும் சொல்றவங்கள மட்டும் கொஞ்சம் பிரிச்சு எடுக்கணும். வெளிய வெச்சு, உறை ஊத்தற மாதிரிப் பெருக வைக்கணும். திரும்ப அவருக்கே ஊசியில ஏத்திடணும். உங்க வூட்டுக்காரர் கை மாதிரி எத்தனையோ பேருக்கு. சில பேருக்கு மூட்டு, சில பேருக்கு சிறுநீரகம், தன் ஒடம்பே தன்னக் கடிக்கற நோய் நெறைய இருக்குது. அது எல்லாத்துக்கும்."

"எப்பங்க வரும் அந்த ஊசி?"

"மொதல்ல உறை கெடைக்கணும்" என்று சிரித்தார். "இப்போதைக்குக் கையில இருக்கறது வெள்ளை மாத்திரைதான். அது எல்லா நாயையும் சேத்துத் தூங்க வெச்சிரும். எனக்கு அவ்வளவு பிடிக்காது. ஆனா கையக் காப்பாத்தும்."

வெள்ளை மாத்திரையைப் பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்தார். அது வேறு, பழைய நோய் மாத்திரை வேறு. இரண்டையும் விடாமல் சாப்பிட வேண்டும். இது என்ன மாத்திரை என்று மாமியார் கேட்டதற்கு ஐஸ்பெட்டி அம்மா, "இது நோய்க்கு இல்ல ஆயா, ஒடம்பச் சாந்தப்படுத்த" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லியிருக்க வேண்டாம்.

என் மாமியார் வீட்டில் ஒரு பழக்கம். ஒருவர் தின்ன இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பார்த்த கண்ணுக்கும் பங்கு. வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து ஒரே ஒரு தேங்காய் பன் கொண்டுவந்தாலும் மாமியார் அதை அரிவாள்மணையில் அரிந்து, ஆளுக்கொரு துண்டு, நாய்க்கு ஓரம் என்று கொடுத்துவிட்டுத்தான் தன் வாயில் போடுவார். நோய் மாத்திரையை மட்டும் அவர் தொட்டதில்லை, அது நோய்க்காரனுக்கு. ஆனால் வெள்ளை மாத்திரை நோய்க்கு இல்லையே? சாந்தத்துக்கு அல்லவா? சாந்தம் இந்த வீட்டில் யாருக்கு வேண்டாம்?

காலையில் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக் கோயில் பிரசாதம் மாதிரிப் பிரிப்பார். சரிபாதி மகனுக்கு. மீதியில் தனக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு. "உனக்குக் கொஞ்சம் கூடவே குடுக்கலாம், உன் வாய்க்கு" என்பார். "அப்ப நீங்க மூட்டையோட முழுங்கணும் அத்தை" என்பேன் நான். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. வெல்லத்தைக் கடித்துக்கொண்டு முழுங்குவோம்.

அப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மாமியாருக்கு வருஷக்கணக்காக முட்டிவலி. சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பார். அது போயே போய்விட்டது! குன்றுப் பக்கம் ஏறி விறகு பொறுக்கிவந்தார். பசி வேறு. கேழ்வரகுக் களி கிண்டிக் கிண்டி என் தோள் கழன்றது. எனக்கும் அதே பசி, மறைப்பானேன், இருவரும் போட்டி போட்டுக்கொண்டு தின்றோம். மாமியாருக்குத் தூக்கம் மட்டும் வரவில்லை. விடிவதற்கு முன்னாலேயே எழுந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார். வீடே பளபளவென்று ஆகிவிட்டது.

வீட்டுக்காரர் கை மட்டும் மோசமானது. டம்ளரைப் பிடித்தால் நழுவியது. சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிட்டேன். ஒருநாள் சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்து, ரோட்டில் போகிற ஒவ்வொரு லாரிக்கும் இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை திரும்பியது. நான் உள்ளே போய்விட்டேன்.

ஜீப் வந்த நாளில் பெரிய டாக்டர் கையைப் பார்த்து எரிந்து விழுந்தார். "மாத்திர திங்கறியா, இல்ல சாராயக் கடையில குடுத்துட்டு வர்றியா? இவ்வளவு மருந்துக்கு இந்நேரம் வீக்கம் வத்தியிருக்கணும்."

"எங்கொழந்த மேல சத்தியமா நான் குடிக்கறதில்லீங்க."

அந்தச் சமயம் பார்த்து என் மாமியார் தலையில் விறகுக் கட்டோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். வந்தார் என்றா சொன்னேன்? ஓடி வந்தார். கட்டைத் தொப்பென்று போட்டுவிட்டு, "என்ன சாமி, கைய என்ன சொல்றீங்க?" என்று இடுப்பில் கை வைத்து நின்றார். ஐஸ்பெட்டி அம்மா குழாயில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே நிறுத்தி மாமியார் முகத்தையே பார்த்தார்.

"ஆயா, முட்டி வலி எப்படி இருக்குது?"

"அது எங்க கண்ணு இருக்குது? மாரியாத்தா எடுத்துக்கிட்டா. வத்தல்மலைக்கே ஏறிட்டு வந்துருவேன், இவதான் விடமாட்டேங்கறா."

"பசி?"

"அத ஏங் கேக்கற! பான காலியாகுது."

"தூக்கம்?"

"அதுதான் கண்ணு இல்ல. இல்லாட்டிப் போவுது, வேல நடக்குதே."

ஐஸ்பெட்டி அம்மா எழுந்து வந்து மாமியார் கன்னத்தைத் தொட்டார். கன்னம் பௌர்ணமி மாதிரி உப்பியிருந்தது. மாமியார் வெட்கப்பட்டு, "வயசான காலத்துல அழகு வந்துருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். அந்தம்மா திரும்பி என் கன்னத்தையும் பார்த்தார்.

"ஆயா, அந்த வெள்ளை மாத்திரய யார் யார் சாப்பிடறீங்க?"

"எல்லாருந்தான். என் வூட்டுல ஒருத்தரு தின்னு ஒருத்தரு பாத்துக்கிட்டு இருக்கற வழக்கம் கெடயாது."

அந்தம்மா குரல் மாறியது. "பாப்பாவுக்கும் குடுத்தீங்களா?"

"அவளுக்கு எதுக்கு? அது பொறந்ததுல இருந்தே சாந்தம்."

அந்தம்மாவுக்கு மூச்சு வந்தது. பெரிய டாக்டர் வாயைத் திறந்தார். "போதும் சார்" என்றார் இவர். அவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை! பிறகு ஐஸ்பெட்டி அம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்து சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல், "அப்ப எங் கை?" என்றார்.

சிரிப்பு நின்றது. அந்தம்மா அவர் பக்கத்தில் போய் மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "பாதி மருந்துலயே இது இவ்வளவு தாங்கியிருக்குது. முழுசாக் குடுத்துப் பாப்போம். நரம்பு இன்னும் சாகல. வலிக்குது இல்ல? வலிக்கற வரைக்கும் உயிர் இருக்குது."

அதைக் கேட்டதும் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "எம் புள்ள கையத் தின்னுட்டனே! இன்னையோட நிறுத்திடறேன், தொடமாட்டேன்."

"ஐயோ, திடீர்னு நிறுத்தக் கூடாது ஆயா" என்று ஐஸ்பெட்டி அம்மா அவர் கையைப் பிடித்தார். "இது மாதிரி ஒண்ண ஒடம்பு தானாச் செஞ்சுக்கும். வெளிய இருந்து வருதேன்னு உங்க ஒடம்பு இப்ப சும்மா ஒக்காந்துருக்குது. பட்டுன்னு நிறுத்தினா மயங்கி விழுந்துருவீங்க. கொஞ்சங் கொஞ்சமாக் கொறைக்கணும். உங்களுக்கும் தங்கச்சிக்கும் தனியாத் தர்றேன்." வேறு யாராவது என்றால், படிக்காத சனம் என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பார்கள். இவர் எங்கள் இருவருக்கும் மாத்திரை அளவை முறைப்படி இறக்கிக் கொடுத்தார்.

பங்கு போடாதீர்கள் என்றும் அவர் சொல்லவில்லை. அதுதான் அவர். சொன்னால் மாமியார் தலையாட்டியிருப்பார். ஆனால் மகன் தனியாக ஒன்றை முழுங்குவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு அடித்துக்கொண்டே இருந்திருக்கும். எந்த நாளாவது கை தானாக நீண்டிருக்கும். அந்தம்மா அடுத்த முறை வரும்போது ஒரு பெரிய பொட்டலம் கொண்டுவந்தார். நிறைய கமர்கட்டு. "ஆயா, உங்க மகன் மாத்திர போடும்போது நீங்க மூணு பேரும் ஆளுக்கு ஒண்ணு வாயில போட்டுக்கணும். யாரும் யார் வாயையும் பாக்க வேண்டியதில்ல. பிரிச்சுக் குடுக்கற வேல உங்களோடது."

காலையில் எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டுமே! நான்கு பேரும் வட்டமாக உட்காருவோம். மாமியார் தன் மகன் கையில் மாத்திரை முழுசையும் வைப்பார், எங்களுக்குக் கமர்கட்டு வைப்பார், ஒரே நேரத்தில் வாய்க்குள் போடுவோம். என் மகள் அப்பாவுக்கு நோய் வந்ததே தனக்கு மிட்டாய் கிடைக்கத்தான் என்று நினைத்திருந்தாள். மாமியாருக்கு மெல்ல மெல்ல முட்டிவலி திரும்ப வந்தது. கமர்கட்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, "இனிப்பாத்தான் இருக்குது. முட்டிக்குத்தான் கேக்கல" என்பார். ஆனால் ஒருநாள்கூட மாத்திரை பக்கம் கை போகவில்லை.

வீக்கம் வற்றியது. ஒரு மாதம் பஸ் டிக்கெட் விரலிடுக்கில் கொஞ்சம் நின்றது. அடுத்த மாதம் அவர் இழுத்ததில் டிக்கெட் கிழிந்தது. கிழிந்த துண்டை அந்தம்மா ஜாக்கெட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் அவருக்கு ஒரு இடி விழுந்தது. ஒரு மாதம் பெட்டி இல்லாமல் பஸ்ஸில் வந்து இறங்கினார். பெட்டி இல்லாமல் அவரைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி நின்றார். "ரத்தம் எடுக்கறத நிறுத்திட்டாங்க தங்கச்சி. போதும் சொல்றவங்கன்னு ஒருத்தருமே இல்லையாம். வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுங்க தேடிப் பாத்துட்டாங்களாம். இருக்குதுன்னு சொன்னவங்களப் பாத்து இப்ப சிரிக்கறாங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "சண்ட நடந்தா நாலு பேரு பாப்பாங்க. நடக்காமப் போன சண்டய எவன் பாத்தான்? அது மாதிரிதாங்க, கண்ணுக்குச் சிக்காது" என்றேன். என்ன தெரிந்து சொன்னேனோ. அவர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "வேலய நிறுத்தச் சொன்ன மீட்டிங்ல இத நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

ரத்தம் வேண்டாம் என்று ஆன பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. அவருக்கு எங்கள் ஊரில் வேலையே இல்லை. சொந்தச் செலவில் பஸ் ஏறி, வீட்டுக்காரர் மாத்திரை இறங்கி முடிகிற வரைக்கும் வந்தார். இப்போது பேத்தி சொல்கிறாள், அப்படிப்பட்ட அணுக்கள் இருப்பது உண்மைதானாம், கண்டுபிடித்துவிட்டார்களாம், பிரித்து எடுத்து வளர்த்து மருந்தாக ஏற்றப் பெரிய ஊர்களில் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். எனக்கு ஆச்சரியமே இல்லை. ஐஸ்பெட்டி அம்மாவைப் பார்த்தவள் நான், அப்படி ஒன்று இருக்காது என்று எப்படி நம்புவேன்? அவர் எங்கே இருக்கிறாரோ, இந்தச் சேதி அவர் காதுக்குப் போயிருக்க வேண்டும்.

கடைசியாக அவர் வந்த நாளில்தான் பாய் என் வீட்டுக்காரரிடம் லாரிச் சாவியைக் கொடுத்திருந்தார். சேலத்துக்கு ஒரு லோடு புளி. ஐஸ்பெட்டி அம்மாவுக்குச் சேலத்தில் ரயில் பிடிக்க வேண்டும், பஸ் ஒன்றும் நிற்கவில்லை. "நம்ம வண்டியில வாங்க" என்று வீட்டுக்காரர் கூச்சத்தோடு கேட்டார். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். நானும் ஏறினேன். அவரை வழியனுப்ப என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே வர வேண்டும். நான் நடுவில், அவர் ஜன்னலோரம்.

தொப்பூர் இறக்கம் வந்தது. தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பள்ளத்தில் நசுங்கிய டப்பா மாதிரி முன்பு உருண்டு விழுந்த லாரிகள். பின்னால் புளி மூட்டைகள் வண்டியைத் தள்ளுகின்றன. வீட்டுக்காரர் கியரை இறக்கினார், இடது கை அங்கே. வலது கை தனியாக ஸ்டியரிங்கில். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, சுண்டுவிரலையே பார்த்தேன். வளைவில் அது மற்ற விரல்களோடு சேர்ந்து மடங்கி, சக்கரத்தைக் கவ்விப் பிடித்தது. இன்னொரு வளைவு. பிடித்தது. எதிரில் ஒரு லாரி மூச்சு வாங்கி ஏறி வந்தது, வீட்டுக்காரர் ஓரம் கட்டித் திருப்பினார், விரல் வெளுத்துப் போகிற அளவுக்குப் பிடித்திருந்தது.

எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். "டாக்டரம்மா, அந்தக் கையப் பாருங்களேன்" என்று சொல்லத் திரும்பினேன்.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொஞ்சம் திறந்து, தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்து, குழந்தை மாதிரி. அந்த இறக்கத்தில் கண்ணை மூடித் தூங்கின ஆளை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. சாமி கும்பிடக் கண்ணை மூடியவர்கள் உண்டு, அது வேறு.

தோளைத் தொட்டு எழுப்பப் போனேன்.

"எழுப்பாத" என்றார் என் வீட்டுக்காரர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "தூங்கட்டும். சேலம் வந்தா நான் எழுப்பறேன்."